வடிவக்காவுக்கு மட்டும் கேட்டது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டையான அட்டைப்பெட்டி வந்தது. மகள் வரவழைத்திருந்தாள். பிரித்ததும் கூடத்தில் ஒரு வாடை பரவியது. புது பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த வாடை. அது எந்த வீட்டின் வாடை என்று மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. மூளைக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த வயதில் இரண்டும் சேர்ந்து வேலை செய்வதில்லை.

"அப்பா, இது கிளாசிக். நியூ வேவ். உங்களுக்குப் புரியாது, ரெஹ்னே தோ, விடுங்க," என்றாள் மகள்.

சாம்பல் நிற உறை. அதில் ஒரு மாடிப்படி, படியின் திருப்பத்தில் ஒரு காலி நாற்காலி. நாற்பது வருடத்துக்கு முந்தைய ரெக்கார்டைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னப் புத்தகம். ராக் இசையின் போக்கையே மாற்றிய ஆல்பம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். நான் தேடிய விஷயம் ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கும்? எழுதியவர்களில் யாரும் கரோல் பாகில் குடியிருந்தவர்கள் இல்லையே.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிட்வாய் நகரில். காதை மூடிய கிருதா, தெருவைப் பெருக்கும் அகலத்தில் பேன்ட். மேல்நாட்டு இசை தெரிந்த ஆள்போல் தலையை ஆட்டிக்கொண்டு திரிவேன். நிஜமாகவே தெரிந்தவன் சண்முகம். எங்கள் பத்திரிகையில் ரெக்கார்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறவன். சண்முகம் என்ற பெயரை மேல்நாட்டு இசைப் பக்கம் தாங்காது என்று ஆசிரியர் அவனை 'சாம்' ஆக்கியிருந்தார். அதை முதன்முதலில் அச்சில் பார்த்த அவன் அக்கா கேட்டாளாம்: "எந்தச் சர்ச்சுலல ஞானஸ்நானம் வாங்குன?"

அந்த அக்கா பெயர் வடிவு. தென்காசிப் பக்கம். ஏதோ ஒரு அமைச்சகத்தில், டெல்லிப் பேச்சில் மந்திராலயத்தில், கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியையும் டெல்லிக்கு வரவழைத்துப் படிக்க வைத்தவள். கரோல் பாகில் ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியில் ஓர் அறை, அதைத் தாண்டி நடை, நடைக்கு அந்தப் பக்கம் சமையலறை. இவ்வளவுதான் அவர்கள் வீடு. மண்ணெண்ணெயும் எள்ளுப்பொடியும் மணக்கும். புது ரெக்கார்டு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் வாடையும் சேர்ந்துகொள்ளும். ஞாயிறு மதியம் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

விமானக் கம்பெனியில் இருந்த நண்பன் ஒருவன் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த மாடிப்படி உறை ரெக்கார்டு. மெலிந்த கிடார், மெஷின் மாதிரி டிரம், சாவு அறிவிப்பு வாசிப்பதுபோல் ஒருவன் பாடுவான். சண்முகம் கண்ணை மூடிக் கேட்டான். நானும் மூடிக்கொண்டேன், பசியோடு. இரண்டாம் பக்கத்தில் ஒரு மெதுவான பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, பழைய ஃபிரிட்ஜ் உறுமுவதுபோல் ஒரே ஓசை மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். அந்த இடத்தில் வடிவக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னல, கூப்பிட்டியா?"

"இல்லக்கா."

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு." திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் அதே பாட்டு, அதே இடம். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் சண்முகம் என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு, நடையைத் தாண்டாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தான். அப்போதும் வந்தாள். வேறு ரெக்கார்டு எதைப் போட்டாலும் வருவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டோம். உறுமலைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னன்னுக்கா கூப்பிடுது?" என்று கேட்டான் சண்முகம்.

"வடிவுன்னுதான். வேற என்னன்னு கூப்பிடும்?"

"யாரு குரலு?"

கொஞ்சம் யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்ச குரல் இல்லல. ஆனா என்னத் தெரிஞ்ச குரலு." சொல்லிவிட்டு அடுப்பைத் தணிக்கப் போய்விட்டாள்.

வெளியே லூ என்கிற வெக்கைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. டெல்லியின் மே மாத அனலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

லண்டன் பத்திரிகைகள் இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு வந்து சேரும். வந்தவை எல்லாம் அந்த ஆல்பத்தைக் கிழித்திருந்தன. உயிரில்லாத இசை, குளிர்ந்துபோன இசை, ஒரு வருடம் தாங்காது. "நாலு வரியில முடிச்சுடு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் சிம்லா போனார். சண்முகம் ஒரு முழுப் பக்கம் எழுதினான். இது பின்னால் பேசப்படும் என்று எழுதினான். அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. இந்த ரெக்கார்டுக்குள் ஓர் அறை இருக்கிறது, கேட்கிறவர்களால் அதற்குள் போக முடியாது, கேட்காதவர்களை அங்கிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், என் வீட்டில் ஒருவர் எழுந்து வருகிறார் என்று முடித்திருந்தான். புரூஃபில் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். "இருக்கட்டும்டா," என்றான்.

அப்போது டெல்லியில் இசை விமர்சனம் என்றால் ஒரு பெரியவர்தான். தினசரி ஒன்றில் எழுதுவார். மதராசி ஒருவர் ரெக்கார்டு கேட்கச் சொன்னால் பேய் ஓட்டுகிறார் என்று அவர் தன் பத்தியில் எழுதிவிட்டார். காபி ஹவுஸில் நாங்கள் நுழைந்தாலே, "சாம் பாய், பூத் கைசா ஹை?" என்று பேயை நலம் விசாரித்து ஒரு குரல் வரும். ஆசிரியர் திரும்பி வந்து, அந்தப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு சண்முகத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க அனுப்பினார்.

அவனுக்கு அது பெரிய கவலையாக இல்லை. கவலை அக்காவைப் பற்றி. தகரத்தை இழுக்கிற சத்தம் என்று அந்த இசையைத் திட்டிக்கொண்டிருந்தவள், இப்போது ஞாயிறானால், "அதப் போடலியால?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் பாட்டு வரும் முன்பே அடுப்பைத் தணித்துவிட்டு நடையில் வந்து நிற்கிறாளாம்.

"கொஞ்ச நாள் ஒன் வீட்ல இருக்கட்டும்," என்று ரெக்கார்டை என்னிடம் கொடுத்தான். கிட்வாய் நகர் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். உறையைப் பார்த்த அம்மா, "யாரு உக்கார நாற்காலி இது?" என்று கேட்டுவிட்டு, அதைத் திருப்பிக் குப்புற வைத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் வந்தது. சேர்ந்தாற்போல் பல நாள் பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு, வழக்கம்போல் சாப்பிடப் போயிருந்தேன். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ரேடியோ, ரெக்கார்டு ஒன்றும் பாடவில்லை. அந்த ரெக்கார்டுதான் என் கட்டிலுக்கு அடியில் கிடந்ததே. நானும் சண்முகமும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈரத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது.

வடிவக்கா வேகமாக நடையைக் கடந்து வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. நேராக மாடிப்படியின் மேல்படிக்குப் போய், "இந்தா வந்துட்டேன்!" என்றாள் சத்தமாக.

சண்முகம் எழுந்துவிட்டான். "யாருக்கா? யாரும் கூப்பிடலியே."

"கூப்பிட்டாவ. அவசரமாக் கூப்பிட்டாவ."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் மூட்டையைக் கீழே போட்டதுபோல் ஒரு சத்தம். வெடிச் சத்தமெல்லாம் இல்லை, மூட்டை விழுந்த சத்தம்தான். நடை முழுவதும் சுண்ணாம்புப் புழுதி. சமையலறைக் கூரையில் இரும்புக் குறுக்குச் சட்டங்கள்மேல் பாவியிருந்த கற்பலகைகளில் இரண்டு, ஊறிப்போய் அப்படியே இறங்கியிருந்தன. ஸ்டவ் இருந்த இடத்தில் கல் கிடந்தது. குக்கரின் கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

"ஹாய் ராம்! மதராசி பெஹன்ஜி!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்காரம்மா கீழேயிருந்து ஓடிவந்தாள். வடிவக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக நாங்களும் பார்த்தோம். படியின் திருப்பத்தில் ஒரு காலி நாற்காலி.

மழையில் நனையக் கூடாதென்று தான்தான் அதை உள்ளே இழுத்துப் போட்டதாக வீட்டுக்காரம்மா பிறகு சொன்னாள். சரிதான். காரணம் தெரிந்ததால் பயம் குறைந்ததா என்றால், இல்லை.

விஷயம் எப்படியோ ஆபீசுக்கு எட்டியது. ஆசிரியர் தானே வந்து சண்முகத்தின் மேஜைமேல் உட்கார்ந்தார். அப்படியே எழுது, அட்டைப்படக் கட்டுரையாகப் போடலாம், பழைய பக்கமும் உனக்கே என்றார். சண்முகம் மாட்டேன் என்றுவிட்டான். ஏன்டா என்று நான் கோபித்துக்கொண்டேன். அந்தப் பெரியவரின் முகத்தில் கரியைப் பூசியிருக்கலாமே!

"எழுதுனா எங்கக்காவப் பாக்க ஆள் வரும்டா. பாட்டக் கேக்க ஒருத்தன் வரமாட்டான்," என்றான். அந்த வருடமே பரீட்சை எழுதி, அக்காவைப் போலவே அரசாங்க கிளார்க்காகிவிட்டான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் விமர்சனம் எழுதவில்லை.

பக்கத்துத் தெருவில் வேறு வீடு பார்த்துப் போனார்கள். அந்த ரெக்கார்டைக் கொண்டுவரச் சொல்லி அக்காவே எனக்குச் சொல்லி அனுப்பினாள். கொண்டுபோனேன். போட்டோம். வாத்தியங்கள் நின்றன, அந்த உறுமல் ஓடியது, முடிந்தது. அக்கா வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தோம். அடுப்பை அணைத்துவிட்டு, எங்கள் அறைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றிருந்தாள்.

"வந்துச்சால?" என்று எங்களைக் கேட்டாள்.

வரவில்லை. பிறகு எத்தனையோ ஞாயிறு போட்டும் வரவில்லை. "ரொம்பக் காதக் குடுத்துட்டேன் போல," என்றாள் ஒருநாள். பிழைத்துக்கொண்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவள் முகம், ஊருக்குப் போனவரிடமிருந்து தகவல் வராத முகம்.

வருடங்கள் போகப் போக உலகம் அந்த ஆல்பத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. குளிர்ச்சி என்று திட்டினவர்கள் அந்தக் குளிர்ச்சியையே புகழ்ந்தார்கள். டெல்லிப் பெரியவரும் கடைசிக் காலத்தில் அதைத் தன் பிரியமான ரெக்கார்டுகளில் ஒன்றாக எழுதினார். சாம் என்று ஒருவன் முன்னாலேயே சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது. வடிவக்கா ரிட்டையராகி ஊருக்குப் போய், அங்கேயே காலமானாள். சண்முகமும் இப்போது தென்காசியில்தான். பெட்டி வந்த அன்று அவனுக்குப் போன் போட்டேன்.

"புதுசுல அந்த எடம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டான்.

"சுத்தமா இருக்காம். பழைய இரைச்சல எல்லாம் எடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு."

"என்கிட்ட பழசு இருக்குல்லா," என்றான். "அக்கா போன பொறவு போடவே இல்ல."

"பயமா?"

"போட்டா நான் உக்காந்து கேட்டுருவேனே. வீட்டுல கேக்காம இருக்கதுக்கு யாரு இருக்கா?"

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். கரோல் பாக் வீடு எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் கல்யாணத் துணிக்கடை. எங்கள் வாரப் பத்திரிகையும் இல்லை, காபி ஹவுஸில் அந்த முகங்களும் இல்லை. இதெல்லாம் போகத்தான் போகும். ஆனால் அன்றைக்கெல்லாம் ஒரு வீட்டில் பாட்டுப் போட்டால் தெருவே கேட்டாக வேண்டும். குழம்பு தாளிக்கிறவள், துணி உலர்த்துகிறவள், சண்டை போடுகிறவள் எல்லாருடைய காதிலும் போய் விழும். இன்றைக்கு எங்கள் கூடத்தில் மகளின் ரெக்கார்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு அவள் காதை மூடிய ஹெட்போனுக்குள். மனைவி காதில் வேறொரு பாட்டு. சாப்பாடு தயார் என்பதைச் சமையலறையிலிருந்தே போனில் மெசேஜ் அனுப்பிவிடுகிறாள்.

நான் ஒருவன்தான் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் கேட்காமல் இருந்து பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன். அது அவ்வளவு லேசில்லை. கேட்காமல் இருப்பதற்கு, கையில் வேறு ஏதாவது வேலை வேண்டும்.