மாட்டின் மேல் விழுந்த பழி

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே போர்வெல். அதை ஒட்டிய வீட்டில் ஓர் அக்கா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். ஒரு மழைக்காலத்தில் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வாந்தி, பேதி. அக்காவின் மகளும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எல்லோரும் மாட்டுக் கொட்டகையைக் கை காட்டினார்கள்.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்ப்பவள். போர்வெல் தண்ணீரைக் கொண்டுபோய் வடிகட்டிப் பார்த்தேன். மலக்கிருமி இருந்தது. அது மனிதருடையதா மாட்டுடையதா என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும், "சாணிதானே?" என்று கேட்டவர்களிடம், "வேற என்ன?" என்று சொல்லிவிட்டேன். படித்தவள் என்ற திமிர். லேப்காரி சொன்ன பிறகு மாட்டுக்காக யார் வாதாடுவார்கள்? அடுத்த வாரமே அக்கா மாடுகளை விற்றார். இப்போது ஓர் ஆபீசில் தரை துடைக்கிறார்.

மாடு போன அடுத்த மழைக்கும் தண்ணீர் நாறியது. அதற்குள் எங்கள் லேபில் புது முறை வந்திருந்தது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா வேறு, மாட்டுக் குடலில் வாழ்வது வேறு. அவற்றின் மரபணுவில் உள்ள அடையாளத்தைத் தேடினால் அசுத்தம் யாருடையது என்று தெரிந்துவிடும். தண்ணீரை வடிகட்டிய தாளில் ஒன்றை ஃப்ரீசரில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். முந்தைய மழைக்காலத்துத் தாளைத் தேடி எடுத்து, புதியதையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டிலும் மனித அடையாளம் ஏராளம். மாட்டினுடையது துளிகூட இல்லை. பிறகு ஆள் வைத்துத் தோண்டினோம். உடைந்திருந்தது எங்கள் வீட்டுக் கக்கூஸ் குழாய்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது.

"நானும் நம்பிட்டேனேம்மா," என்றார். "லேபுல பாத்துட்டு சொல்ற, பொய்யாவா இருக்கும்னு நெனச்சேன். எம் பொண்ண இப்டி படுக்கப் போட்டுட்டியேன்னு, வண்டி ஏத்தறப்ப அந்தப் பசுவ அடிச்சேம்மா. அது எம் மூஞ்சியவே பாத்துனு நின்னுச்சு. அதுகிட்ட இப்போ யாரு போய் சொல்றது?"