ரபி தெரியாது என்று எழுதிய பதினொரு இடங்கள்

யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் பதினாறு வருடம் தட்டச்சு செய்த என் அப்பாவுக்கு, லண்டனில் அதே வேலையைக் கொடுத்தவர் ஒரு ரபி, அதாவது யூத மதகுரு. எண்பதுகளின் கடைசியில், ஹெண்டனில், ஒரு சலவைக் கடைக்கு மேலே நாங்கள் இருந்தோம். அப்பா காலையில் பெட்ரோல் ஸ்டேஷனில் நிற்பார். பின்னேரத்தில் ரபியின் கையெழுத்துத் தாள்களை மேசையில் விரித்துக்கொண்டு தட்டச்சு மெஷினின் முன் உட்காருவார். யூதர்களின் பழைய சட்ட நூல் ஒன்றுக்கு ரபி ஆங்கிலத்தில் உரை எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த உரை அப்பாவுக்கு முதலில் பெரிய ஏமாற்றம். உரை என்றால் மூலத்தைவிடப் பத்து மடங்கு நீளமாக இருக்கவேண்டும் என்று அவர் நம்பியிருந்தார். ரபியோ ஒரு பக்கம் முழுக்க வாயே திறக்கமாட்டார். பிறகு ஏதோ ஒரு சின்னச் சொல்லில் நின்று, 'இங்கே சொல்லப்படுவது இவனுடைய மாடு அல்ல, பக்கத்து வீட்டுக்காரனின் மாடு' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். வாசிப்பவன் எங்கே தடுக்கி விழுவான் என்று பார்த்து, அங்கே மட்டும் பேசுவதுதான் அவர் முறை. அப்பா தன் பங்குக்குச் சேர்த்த 'மேற்கூறப்பட்ட', 'இத்தால் அறியத்தருவது' போன்ற கோர்ட்டுச் சொற்களையெல்லாம் ரபி சிவப்புப் பென்சிலால் வெட்டிவிடுவார்.

அதைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. சில இடங்களில் ரபி, 'இதன் பொருள் எனக்குத் தெரியவில்லை' என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

"இவ்வளவு படிச்ச மனுசன் இப்பிடி எழுதினால் சனம் என்ன நினைக்கும்?" என்றார் அப்பா.

"தெரியாட்டித் தெரியாதெண்டுதானே எழுத வேணும்?" என்றா அம்மா.

அப்பா கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் அந்த வரிகளை விட்டுவிட்டு அடித்தார். ரபியின் மானத்தைக் காப்பாற்றிய பெருமை இரண்டு கிழமை அவர் முகத்தில் இருந்தது.

அதைக் கெடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தாள்களைக் கொடுக்கப் போகும்போது நானும் கூடப் போவேன். ரபியின் வீட்டில் மாடிப்படிகளில்கூடப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். அவர் பிஸ்கட் டின்னை நீட்டி, "உன் அப்பாவுக்கு என் புத்தகம் பிடித்திருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பத்து வயது. அப்பாவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல ஆசையாக இருந்தது.

"ஓ, உங்களுக்குத் தெரியாத இடங்களை எல்லாம் அப்பா எடுத்துவிட்டார்," என்றேன்.

அப்பா கதிரையை விட்டு எழுந்து நின்றார், கோர்ட்டில் நிற்பதுபோல. இந்த வேலை போனால் அவர் திரும்பவும் இரவு ஷிப்டுக்குப் போகவேண்டும். அது எனக்கும் தெரியும். கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்ப டின்னுக்குள் போட்டேன்.

"எத்தனை இடம்?" என்று ரபி கேட்டார்.

"பதினொன்று," என்றார் அப்பா.

"உட்காருங்கள். அந்த இடத்தை வாசிப்பவனுக்கும் விளங்காது. நான் பேசாமல் போனால், தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைப்பான். அவனை அங்கே தனியே விடக்கூடாது."

ரபியின் குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருவரும் ஒவ்வோர் இடமாகத் தேடி அந்த வரியைப் பேனையால் திரும்ப எழுதினார்கள். எட்டாவது இடத்தில் ரபியின் கை நின்றது. அது தொலைந்த பொருள்களைப் பற்றிய சட்டம். சொந்தக்காரன் நம்பிக்கையோடு இருக்கும்வரை பொருள் அவனுடையது; அவன் நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டால், கண்டெடுத்தவனுடையது.

"ஒருவன் கைவிட்டுவிட்டான் என்பதை மற்றவர்கள் எப்படி அறிவது? முப்பது வருடமாக எனக்கு இது பிடிபடவில்லை," என்றார் ரபி. பிறகு அப்பாவைப் பார்த்து, "ஊரில் உங்களுக்கு வீடு இருந்ததா?" என்றார்.

இருந்தது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. இப்போது ஆமிக்காரரின் முகாம் என்று அப்பா சொன்னார்.

"கைவிட்டுவிட்டீர்களா?"

"மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன்," என்றார் அப்பா.

அன்றைக்கே கேட்டார். அம்மா என் பள்ளிக்கூடச் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தா.

"வீடு இனி இல்லையெண்டு நினைக்கிறீரோ?"

"ஆர் சொன்னது? காம்ப் எண்டால் ஒருநாளைக்கு எழும்பிப் போகத்தானே வேணும். கிணறு இறைக்க ஆளைப் பாத்து வையுங்கோவெண்டு போன கிழமையும் அக்காவுக்கு எழுதினனான்." சட்டையைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தை அழுத்தத் தொடங்கினா.

அடுத்த ஞாயிறு அப்பா ரபியிடம், "என் மனைவி கைவிடவில்லை," என்றார்.

"நீங்கள்?"

அப்பா கொண்டுவந்த தாள்களை மேசையில் அடுக்கி வைத்தார். "ஊரைவிட்டுப் படகில் ஏறிய அன்றைக்கே," என்றார்.

ரபி தலையசைத்தார். "எங்கள் வீட்டில் மாறி நடந்தது. ஊரைவிட்டு ஓடிவந்த ரயிலிலேயே அம்மா கைவிட்டாள். அப்பா சாகும்வரை இல்லை." அவர் எட்டாவது இடத்தில் நாலைந்து வரி எழுதினார். வாசித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெட்டினார். தெரியவில்லை என்ற வரி மட்டும் மிஞ்சியது. இவ்வளவு கேட்டும் இவருக்கு விடை கிடைக்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் அப்பா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நான் உள்ளுக்கை சொன்னதை அம்மாட்டைச் சொல்லாதை."

முந்திய கிழமை பட்டது போதும் என்று, நானும் வாயைத் திறக்கவில்லை. ரபி என்ன சொன்னவர் என்று அம்மா கேட்டபோது, பிஸ்கட் தந்தவர் என்று மட்டும் சொன்னேன். அப்பா அம்மாவின் ஏச்சுக்குப் பயப்படுகிறார் என்றே அன்றைக்கு நினைத்தேன்.