தவக்காலத்தில் கொடுத்த பனங்கட்டி

பனம்பாணி விற்கிறவளுக்கு முதல் எதிரி எறும்பு. அடுத்த எதிரி, ஓசியில் விரலால் தொட்டு நக்கிவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று போய்விடுகிற சனம். சண்டைக் காலத்தில் மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் தொழில் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இரண்டையும் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அடுப்பு, ஒரு பெரிய தாச்சி, நானும் இன்னொருத்தியும். அவள் மலையகத்துக்காரி. தோட்டத்தை விட்டு வந்து பெருநிலப்பக்கம் குடியேறி, அங்கே ஷெல் விழத் தொடங்கியதும் தீவுக்குள் ஓடிவந்து, என் வீட்டின் பின்பக்கம் இறக்கியிருந்த பத்தியில் தங்கியிருந்தாள். மரமேறுகிறவர்கள் பனையில் இறக்கி விடியக் கொண்டுவரும் கருப்பநீரைக் காய்ச்சிப் பாணியாக்குவோம். இன்னும் இறுக விட்டால் பனங்கட்டி. சீனி தட்டுப்பாடான காலம், விற்றுத் தள்ளிவிடலாம் என்று நினைத்தோம். கடைக்காரர்களோ, சனம் வந்து கேட்டால் பார்ப்போம் என்று கையை விரித்துவிட்டார்கள். சனம் கேட்க வேண்டுமென்றால் முதலில் ருசி பார்க்க வேண்டும். ருசி காட்டச் சும்மா கொடுக்க வேண்டும். சும்மா கொடுக்கிற நிலையிலா நாங்கள் இருந்தோம்?

பாணியைப் போத்தலில் கொடுப்பது நடவாத காரியம். போத்தல் பாணியை விட விலை. ஆசுபத்திரியில் ஊசி மருந்து தீர்ந்த குட்டிக் குப்பிகளைக் கேட்டு வாங்கி, அவித்துக் கழுவிப் பார்த்தோம். எவ்வளவு கழுவினாலும் மூடியில் மருந்து மணம். முதல் குப்பியை வாங்கிய மனுசி, இது எத்தனை வேளைக்கு என்று கேட்டாள். அதோடு குப்பிக் கதை முடிந்தது. கரண்டியோடு வாசல் வாசலாகப் போனதும் ஒரு நாள் கூத்துத்தான். சட்டை முழுக்கப் பாணியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

வழி சொன்னவள் அவள்தான். பாணியை விடுங்க, கட்டியைக் கொடுப்போம் என்றாள். வெறுந்தேத்தண்ணியை ஒரு கையிலும் பனங்கட்டியை மற்றக் கையிலும் வைத்துக் கடித்துக் குடிக்கிற ஊர் இது. ஒரு கோப்பைக்குக் காணுமான துண்டு, அதை வைக்க ஒரு குட்டான். குட்டான் என்பது பனையோலையில் இழைக்கிற சின்னப் பெட்டி. மன்னாரில் ஓலைக்கு யார் விலை சொல்லப் போகிறார்கள்? கட்டைவிரல் அளவில் இழைத்து அடுக்கியபோது, எலிக்குச் சீர்வரிசை வைத்தது போல இருந்தது. இருவரும் சிரித்தோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. நான் கட்டிக்குள் வேர்க்கொம்பும் மிளகும் இடித்துப் போட்டேன்.

"சும்மா குடுக்கிறதுக்கு எதுக்குக்கா சுக்கு? சுக்கு சும்மாவா வருது?" என்றாள்.

அவள் கேட்டதில் பிழையில்லை. எங்கள் பக்கம் அவ்வளவு காரமாகப் போடுகிறவர்கள் இல்லை. நான் போட்டது ஒரேயொரு வாய்க்காக.

என் மனுசனுக்குக் கடற்றொழில். வாடைக்காற்றில் கடலுக்குப் போய்வந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். அவருக்கென்று நான் காய்ச்சிப் பழகிய கட்டி அது. முதலில் இனிக்கும், பிறகு தொண்டை எரியும். கட்டியிலும் உன் குணம்தான் என்று சிரிப்பார். சண்டை மூண்ட அன்று அவர் பெருநிலத்தில் விடத்தல்தீவுக் கரையில் நின்றார், நான் மன்னார்த் தீவில். பாலம் போனது, பாதையும் போனது. இந்தியாவுக்குப் படகேறக் கரைவரை போய், அவரை விட்டுப் போக மனம் வராமல் திரும்பியவள் நான். ஆனால் நான் ஏறிவிட்டேன் என்றும், அந்தப் படகு கரை சேரவில்லை என்றும் அக்கரையில் கதை பரவியிருந்தது. நான் உயிரோடு இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆளைத் தேடப் போகிறேன் என்றால் ஆமிக்காரன் பாஸ் தரமாட்டான். வருவோர் போவோரிடம் சொல்லி அனுப்பியதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். அவருக்கு வைத்த புனிதரின் பெயரில் அந்தக் கரையில் வீட்டுக்கொருவர். சனமும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவர் இருக்கிற கதிரையில் நான் ஒருவரையும் இருக்க விடவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். மறுநாள் வேர்க்கொம்பை அவளே இடித்தாள். என்னை விடக் கூடவே போட்டாள்.

பாதை திறக்கிற நாட்களில் அக்கரைக்குப் போய்வரும் கருவாட்டு வியாபாரி ஒருவர் இருந்தார். ஒரு பை நிறையக் குட்டான்களை அவரிடம் கொடுத்து, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் சும்மா கொடுக்கச் சொன்னேன். மிச்சத்தை நாங்கள் கோயில் வாசலில், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை முடிந்து வந்தவர்களுக்குக் கொடுத்தோம். எல்லோரும் மறுக்காமல் வாங்கினார்கள். வெற்றி என்று நினைத்தேன்.

ஒரு கிழமையாகியும் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. மலையகத்துக்காரி எங்களைப் போல வேதக்காரி இல்லை, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பக்கத்து வீட்டு மனுசியைப் பிடித்துக் கேட்டேன். அவள் அலுமாரியைத் திறந்து காட்டினாள். குட்டான் பிரிக்காமல் இருந்தது. தவக்காலமெல்லோ, இனிப்பு விட்டிருக்கிறேன், உயிர்த்த ஞாயிறு வரட்டும் என்றாள். ஆண்டவருடைய பாடுகளை நினைத்து, பள்ளிமுனையில் பாதிப்பேர் தவக்காலத்தில் மீன் இறைச்சி என்று மச்சத்தை விடுவார்கள், மற்றவர்கள் இனிப்பை விடுவார்கள். பனை சுரக்கத் தொடங்குவதும் தவக்காலமும் சேர்ந்துதான் வரும். சிலுவைப்பாதையில் முழங்காலில் நின்று எழும்பி வந்த கையோடு, அதே சனத்துக்கு இனிப்பை நீட்டியிருக்கிறேன். அந்த நாட்களில் எங்கள் கட்டியை உடனே வாயில் போட்டவன் சோதனைச்சாவடி ஆமிக்காரன் ஒருவன்தான். வியாபாரியின் பையில் ஒன்றைப் பிரித்து, முகர்ந்து, கடித்து, உறைப்பில் கண் கலங்கி, பிறகு இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டானாம்.

உயிர்த்த ஞாயிறன்று ஊர் அலுமாரிகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. அடுத்த நாளே கடைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். காய்ச்சக் காய்ச்சப் போதவில்லை. எனக்கோ அதில் மனம் செல்லவில்லை. பெரிய வெள்ளிக்கு முன்னமே மறுபடி சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். கருவாட்டு வியாபாரி அக்கரையில் அகப்பட்டுவிட்டார். தாச்சியைக் கிண்டுவேன், வாசல் படலைச் சத்தம் கேட்டால் அகப்பையோடு ஓடுவேன்.

மாரிமழை தொடங்குகிற நேரம்தான் வியாபாரி வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மடியிலிருந்து ஒரு குட்டானை எடுத்தார். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காத்து வைத்திருந்தார்போல. ஓலை புகையேறிக் கறுத்திருந்தது.

"அக்கா, உயிர்த்த ஞாயிறு விடிய ஒருத்தர் என்னைத் தேடி ஓடி வந்தவர். இது ஆர் காய்ச்சினது எண்டு கேட்டு என்ட கையை விடேல்ல. பள்ளிமுனையில ஒரு அக்கா எண்டு சொன்னன். அப்பிடியே மண்ணில இருந்திட்டார்."

மிச்சத்தை அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். தவக்காலத் தொடக்கத்திலேயே ஒரு தேத்தண்ணிக் கடையில் அந்தக் குட்டான் என் மனுசன் கைக்குப் போயிருக்கிறது. அவர் அந்த முறை இனிப்பு விட்டிருந்தார். என் மனுசி எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்று நேர்ந்து விட்டிருந்தார். குட்டானைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்த நாட்களெல்லாம் பாதை திறந்துதான் இருந்தது. பூசை முடிந்து தேத்தண்ணியோடு அவர் அதைக் கடித்தபோது மூடிவிட்டது.

"மிச்சத்தை அவவிட்டக் குடு, பாதை திறந்தா வாறன் எண்டு சொல்லு எண்டவர். பாதை திறக்க முந்தி அந்த ஊரே எழும்பிக் காட்டுப் பக்கம் போயிட்டுது அக்கா. பிறகு நான் அவரைக் காணேல்ல."

அதற்குப் பிறகு நானும் காணவில்லை. பாதை திறந்தது, சண்டையும் முடிந்தது, அவரைப் பற்றி வேறொரு சேதியும் வரவில்லை.

கலியாணத்துக்கு முன், கடவுள் பயமுள்ள மனுசனைத் தா என்று மாதாவிடம் கேட்டவள் நான். மாதாவும் கேட்டபடியே தந்தா. அந்த ஒரு தவக்காலத்துக்கு மட்டும் அவர் கொஞ்சம் பாவியாக இருந்திருக்கக் கூடாதா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆசையும் ஆறவில்லை.

குட்டானைப் பிரித்தேன். உள்ளே பாதிக் கட்டி. அவருடைய பல் பதிந்த இடம் தெரிந்தது. மலையகத்துக்காரி பக்கத்தில் வந்து, மழைக்கு இளகிவிடும், அலுமாரிக்குள் பத்திரமாக எடுத்து வையுங்க அக்கா என்றாள்.

அவரைப் போல வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. அங்கேயே நின்று, அவர் கடித்த இடத்தில் கடித்தேன். முதலில் இனித்தது. பிறகு தொண்டை எரிந்தது.