வலன்ரைனும் வாலன்டைனும்

பெற்ற தாயின் கண்ணை மூடிவிட்ட கையாலேயே டோரின் ஒரு சத்தியம் செய்திருந்தாள். அம்மா செலீன் உயிர் பிரியும்போதும் வாசலைத்தான் பார்த்தபடி கிடந்தார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் படகேறி இந்தியா போன மகன் வலன்ரைன் அந்த வாசலால் வரவில்லை. கொஞ்சக் காலம் கடிதம் வந்தது. பிறகு அங்கே அவனுடைய அகதி முகாம் மாறியது. இங்கே கொழும்பு கொட்டாஞ்சேனையில் இவர்களுடைய வாடகை வீடும் மாறியது. அதோடு எல்லாம் நின்றுபோனது. “அண்ணாவை நான் தேடிப் பிடிப்பன் அம்மா” என்று ஆறிப்போன கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் டோரின்.

அந்தச் சத்தியம்தான் அவளை வெள்ளவத்தைக்கு இழுத்து வந்தது. அங்கே காலி வீதி என்ற பெருந்தெருவில் செல்லையாவின் கம்பியூட்டர் நிலையம் இருந்தது. யுத்தத்தில் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடுவதற்கு அவர் ஓர் இணையத்தளம் நடத்திவந்தார். தேடுகிறவர் தொலைந்தவரின் பெயரைப் பதிவு செய்வார். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பெயர் இருந்தால் பதிவு செய்தவருக்கு அங்கிருந்தே ஒரு செய்தி அனுப்பலாம். டோரின் அங்கே பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் அவள் தட்டிய முதல் பெயர் வலன்ரைன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மே மாதம். காலையில் சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து ஏற்றியதில் டோரின் பிந்தித்தான் வந்தாள். செல்லையா வாசலிலேயே நின்றார்.

“வாங்கோ பிள்ளை. இண்டைக்கு எத்தனை இடத்தில இறக்கினவங்கள்?”

“ரெண்டு இடம் அண்ணை. ரெண்டாவது இடத்தில முதலாவது ஆளின்ர தம்பி மாதிரி ஒருத்தர். அதே கேள்வி.”

சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. மேசையில் இருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். தளத்துக்கு யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எதைத் தேடுகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று காட்டும் வருகைக் கணக்கு அது. நேற்று வந்தவர்களை இன்றுதான் காட்டும்.

“பாருங்கோ. சனம் வருது, ஒரு பேரைத் தட்டுது, போயிடுது. அரைவாசிக்கு மேல இந்தியாவில இருந்து. எங்கட ஆக்களே இல்லை. அதிலயும் இந்தச் சொல்லைப் பாருங்கோ, கிழமைக்குக் கிழமை நிக்குது.”

‘வாலன்டைன்’ என்றிருந்தது.

“காதலர் தினத்துக்குக் கார்ட் தேடுதுகள் போல” என்றார் செல்லையா. பக்கத்து மேசையில் தளத்தின் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த மாளிகாவத்தை லுத்பியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டோரினும் சிரித்தாள். போன கிழமையும் இதே பகிடிக்குச் சிரித்திருந்தாள்.

“மாசக் கடைசியோட இதை மூடுவம் பிள்ளை. கலியாணப் பொருத்தம் பாக்கிற தளமாக்கினா நாலு சனம் நிண்டு பாக்கும். உங்கட வேலைக்குக் குறையில்லை.”

வேலைக்குக் குறையில்லைதான். ஆனால் தளம் மூடினால் அண்ணாவின் பெயர் எங்கே இருக்கும்? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? செல்லையா வெளியே போனதும் டோரின் திரைக்கு முன்னால் அமர்ந்தாள். வந்தவர்கள் ஏன் போகிறார்கள் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

“லுத்பியா, இந்தக் காதலர் தினக்காரர் எவ்வளவு நேரம் நிக்கினம்?”

லுத்பியா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தவளின் புருவம் உயர்ந்தது.

“புதினமா இரிக்கி அக்கா. மத்தவங்கள விட நெறைய நேரம் நிக்கிறாங்க. மதுரைப் பக்கம். ஞாயித்துக்கிழமைல மட்டுந்தான் வாற.”

“கார்ட் வேணுமெண்டா இல்லையெண்டவுடன போயிருக்க வேணுமே. அதோட இது மே மாசம். மாசி மாசம் முடிஞ்சு எவ்வளவு காலம்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அந்தச் சொல்லுக்குப் பிறகு அவை என்ன தட்டினவை எண்டு பாக்கலாமா?”

லுத்பியா பார்த்துக் கொடுத்தாள். ‘வாலன்டைன்’. பிறகு ‘வேலண்டைன்’. பிறகு ‘வாலண்டைன்’. ஒவ்வொன்றின் கீழும் தளத்தின் அதே பதில்: அப்படி ஒருவர் இல்லை. கடைசியாக ஒரு பெயர்.

‘டோரீன்’.

சுட்டியில் இருந்த டோரினின் கை அப்படியே நின்றது. தன் வாயாலேயே அந்தப் பெயர்களை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். வாலன்டைன். வலன்ரைன். காதுக்கு ஒரே ஆள்தான். கண்ணுக்குத்தான் இரண்டு பேர். நாங்கள் ரிவி என்று எழுதுவதை அவர்கள் டிவி என்று எழுதுகிறார்கள். எங்கள் ரொறன்ரோ அவர்களுக்கு டொராண்டோ. அண்ணா தட்டியிருந்தால் வலன்ரைன் என்றுதான் தட்டியிருப்பான். அங்கே பள்ளிக்கூடம் போகிற அவனுடைய பிள்ளை அங்கத்தைய எழுத்தில்தானே தேடும்? அந்தப் பிள்ளை கிழமை தவறாமல் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளே இருந்துகொண்டே, ஆள் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறோம். போதாக்குறைக்குச் சிரித்தும் இருக்கிறோம்.

கண்ணீர் திரையை மறைத்தது. லுத்பியா தன் முந்தானையால் அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“அழாதீங்க அக்கா. மெஷினுக்குக் காதில்ல, கண் மட்டுந்தான் இரிக்கி. நாம காது வெச்சிக் குடுப்பம்.”

அந்தக் கிழமை முழுவதும் இருவரும் அதே வேலையாக இருந்தார்கள். இங்கத்தைய எழுத்தையும் அங்கத்தைய எழுத்தையும் டோரின் சோடி சோடியாகச் சொன்னாள். எதைத் தட்டினாலும் இரண்டும் அகப்படும்படி லுத்பியா மென்பொருளைத் திருத்தினாள். செல்லையாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் பகிடியெண்டு நினைச்சன் பிள்ளை” என்றார்.

ஞாயிறு பூசையில் டோரின் அந்தோனியாரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு தடவை அலுக்காமல் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நிலையத்துக்குள் நுழைந்தபோது செல்லையாவும் லுத்பியாவும் ஏற்கெனவே திரைக்கு முன்னால் நின்றார்கள். இரண்டு பேரும் வழி விட்டார்கள். வருகைக் கணக்கைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. செய்தியே வந்திருந்தது.

‘வணக்கம். என் பெயர் செலீன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்க அப்பா பெயர் வாலன்டைன். ஊர் கொழும்பு, கொட்டாஞ்சேனை. அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால் நான்தான் தேடுகிறேன். இத்தனை வாரமும் இல்லை என்றுதான் வந்தது. இன்று வந்துவிட்டது. ஆனால் நீங்கள் வலன்ரைன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் அப்படித்தான் எழுதுவார். தப்பு தப்பு என்று நான்தான் எப்போதும் திருத்துவேன். நீங்கள் எங்கள் டோரீன் அத்தையா?’

செலீன். மகளுக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறான் அண்ணா. வாசலைப் பார்த்தபடி போன அம்மா வேறொரு வாசலால் திரும்பி வந்துவிட்டார் என்று தோன்றியது டோரினுக்கு. மேசையில் தலையைக் கவிழ்த்து, இத்தனை வருடம் அழாததையெல்லாம் அழுதாள். லுத்பியா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

செல்லையா தொண்டையைச் செருமினார். “கலியாணப் பொருத்தத்தைப் பிறகு பாப்பம். இன்னும் என்னென்ன பேர் இல்லையெண்டு திரும்பிப் போயிருக்கு எண்டு எடுங்கோ லுத்பியா. நீங்கள் முதல்ல அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுங்கோ டோரின். காக்க வைக்காதேங்கோ.”

டோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். எழுதுவதற்கு ஒரு கடலே இருந்தது. ஆனால் அவளுடைய விரல்கள் முதலில் தட்டியது இதைத்தான்:

‘ஓம் ராசாத்தி, நான்தான் அத்தை. நீ எழுதினதும் சரி, அப்பா எழுதினதும் சரி. இனி அவரைத் திருத்தாதே.’