மழைக்காரியின் பொய்

மழையை அளப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காத ஆள் அந்த மலையூரில் இல்லை. வானத்திலிருந்து சும்மா விழுவதை அளந்து என்ன ஆகப்போகிறது, குறைந்தால் திருப்பிக் கேட்கவா போகிறாய் என்று அவளைக் கட்டிக்கொண்டவரே கேட்பார். காலை எட்டு மணிக்கு, வாசலுக்கு எதிரே நாலு கம்பிகளுக்கு நடுவில் நட்டிருக்கும் தகர உருளையின் புனல் மூடியைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கோட்டைப் படிப்பாள். தங்கம் நிறுக்கிறவன்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கீழேயிருந்து ஏறி வந்த வானிலை அலுவலக ஆட்கள் இரண்டு பேர், மரநிழல் விழாத வாசலாகத் தேடினார்கள். அவள் வாசல் மொட்டை வாசல். அவ்வளவுதான் அவளுக்கு இருந்த தகுதி. நாலாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு அவள் கோடு படிக்கக் கற்றுக்கொண்டாள். அளந்ததும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மேலே இருக்கிற பாறைக்கு ஏறுவாள். ஊரில் போன் பேசுவதற்குச் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அளவைச் சொன்னால் எதிர்முனையில் ஒரு ஆண் குரல் "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அந்த ஆளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் அவருக்குப் பெயரே "சரி சார்".

ஊர் என்றால் நாற்பது வீடுகள். சரிவில் மூன்று வரிசை. கீழ் வரிசை ஓடையை ஒட்டி, நடு வரிசை அதற்கு மேலே, மேல் வரிசையில் ஏழெட்டு வீடுகளும் கடையும். எல்லாவற்றுக்கும் மேலே, மேட்டில் பள்ளிக்கூடம். அங்கிருந்து தார்ச்சாலைக்கு நாலு மணி நேர நடை, மழையில் ஆறு மணி நேரம். உடம்புக்கு முடியாதவர்களைப் போர்வையில் போட்டு, கழியில் கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிப்போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் நடந்து திரும்பி வந்திருக்கிறார்கள். மழை மாதங்களில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவதால் ஊர் முழுக்கப் புகை வாசனையோடுதான் திரியும். உப்பு ஜாடியில் தண்ணீராகக் கிடக்கும். கால்விரல் இடுக்கில் அட்டை இருப்பது ராத்திரி கால் கழுவும்போதுதான் தெரியும். இதெல்லாம் ஒரு குறையென்று அங்கே யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஏழு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது, சரி சார் வழக்கத்துக்கு மாறாக இன்னும் மூன்று வார்த்தை சேர்த்துச் சொன்னார். "கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க." அந்த மூன்று வார்த்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் அவள். மலை சரியப்போகிறது என்று வீடு வீடாகக் கதவைத் தட்டி, நாற்பது வீட்டையும் பள்ளிக்கூடத்தில் கொண்டு அடைத்தாள். இரண்டு நாள் இருந்தார்கள். மலை அப்படியேதான் நின்றது. மூன்றாம் நாள் பளீரென்று வெயில் அடித்தது. ஆளில்லாத இரண்டு நாளில் காட்டுப்பன்றிகள் உருளைக்கிழங்கை ஒரு பாத்தி விடாமல் தோண்டித் தின்றிருந்தன. பள்ளிக்கூடத்தின் ஈரத்தரையில் படுத்த கடைக்காரரின் அப்பா நெஞ்சில் சளி கட்டி, பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து அவள் மழைக்காரி. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களே இல்லை. துணி காயப்போடுகிறவள்கூட, "மழைக்காரி இன்னிக்கு மழைன்னு சொன்னாளா? அப்ப தைரியமாப் போடு" என்பாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கடைக்காரர் மட்டும் கேலி செய்யவில்லை. அவர் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டார். சாமானை எடுத்து வைப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது. இனிமேல் ஊர் அழிந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்காரர் கேலிக்காரர்தான், ஆனால் வெளியாள் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் சண்டைக்குப் போய்விடுவார். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பேராசை. விறகு. மழைக்காலத்தில் ஓடை மேல்காட்டிலிருந்து மரங்களைப் புரட்டிக்கொண்டு வரும். ஆட்கள் கரையில் நின்று, நீளக் கழியில் கொக்கி மாட்டி இழுப்பார்கள். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார். எரிப்பதற்கு மனசு வராது. "இத்தனையும் எதுக்குங்க? நாம ரெண்டு பேரும் எரியறதுக்கா?" என்று அவள் கேட்டால், "அதுக்கும் சேத்துத்தான்" என்பார்.

இந்த வருஷம் மழை ஐந்து நாளாக விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இருபது மில்லிமீட்டர் குவளையைப் பத்து முறை நிறைத்துக் கொட்டினாள். பதினோராவது முறை பதினான்கில் நின்றது. இருநூற்றுப் பதினான்கு. பத்தொன்பது வருஷத்தில் அவள் பார்க்காத எண். குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். பாறைக்கு ஏறிச் சொன்னாள்.

"சரி" என்றது குரல்.

அன்று பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு அடுத்த வீட்டில் யாரோ இருமுவது கேட்டது. ஐந்து நாளாக ஓடையின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. இப்போது இருமல் கேட்கிறது. எதிர்வீட்டில் பாத்திரம் உருள்வது கேட்கிறது. கூரைத் தகரத்தில் மழை அதே வேகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கீழே எல்லோரும் கும்மாளமாக இருந்தார்கள். "ஓடை இறங்கிருச்சு! ஓடை இறங்கிருச்சு!" காலையில் கரையை மோதிக்கொண்டிருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. பாறைகளுக்கு நடுவே, தோலுரிந்த பெரிய பெரிய மரங்கள் மாட்டிக்கொண்டு கிடந்தன. கொக்கியும் வேண்டாம், கழியும் வேண்டாம். இறங்கி இழுத்து வந்தால் போதும். ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஓடைக்குள் இறங்கி நின்றார்கள். அவள் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தியவர் மாதிரி நின்றார்.

பத்தொன்பது வருஷமாக வருகிற தண்ணீரை அளந்தவள் அவள். மேலே இருநூற்றுப் பதினான்கு விழுந்திருக்கிறது, இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. கீழே ஓடை வற்றுகிறது. அப்படியானால் வந்த தண்ணீரெல்லாம் எங்கே? காற்றில் புதுமண் வாசனை அடித்தது, வேரோடு பிடுங்கிய செடியின் வாசனை. மேலே எங்கோ மலை சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அது உடைந்தால் கீழ் வரிசையும் இருக்காது, நடு வரிசையும் இருக்காது.

பாறைக்கு ஓடினாள். போனை எடுத்தது சரி சார் இல்லை, யாரோ புது ஆள். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "காலைல எட்டு மணி அளவுதானேம்மா எங்களுக்கு வேணும். நாளைக்குச் சொல்லுங்க" என்றார்.

அங்கிருந்து நேரே ஓடைக்கு இறங்கினாள். மற்றவர்கள் காதில் விழாதபடி வீட்டுக்காரரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, மேல அடைச்சிக்கிட்டிருக்கு. உடைஞ்சுதுன்னா எல்லாம் போயிரும். வாங்க, ஸ்கூலுக்குப் போயிரலாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார்.

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"நல்லவேளை. வெளிய சொல்லித் தொலைக்காத. போன தடவை பட்டது போதாதா? ஏழு வருஷமா உனக்காக நான் எத்தனை பேர்கிட்ட மல்லுக்கு நின்னிருக்கேன்!"

"சத்தியமாச் சொல்றேங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாத. இந்த ரெண்டு கட்டையைக் கரையேத்திட்டு வந்துடறேன். நீ போய் அடுப்பைப் பாரு."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. அவரே நம்பாதபோது ஊரா நம்பப்போகிறது? உண்மையைச் சொல்லி இந்த ஊரில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட மேட்டுக்கு ஏற்ற முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மேல் வரிசைக்கு ஏறினாள். கடை வாசலில் கடைக்காரரின் மனைவி நின்றிருந்தாள். கடைக்காரர் பேசாவிட்டாலும் அந்த அம்மாள் பேசுவாள். யாரோடும் பேசுவாள், எதையும் பேசுவாள்; அவள் வயிற்றில் ஒரு ரகசியம் அரை மணி நேரம் தங்கியதாகச் சரித்திரமே இல்லை.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இப்பத்தான் போன்ல சொன்னாங்க. ஸ்கூல்ல தார்ப்பாய் குடுக்கப் போறாங்களாம். தலைக்கு ஒண்ணு."

"வீட்டுக்கு ஒண்ணா, தலைக்கு ஒண்ணா?"

"தலைக்கு. கைக்குழந்தைக்குக்கூட உண்டு. ஆனா ஆள் நேர்ல நிக்கணும். இல்லாதவங்க பேரை அடிச்சிருவாங்களாம்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. கால்மணி நேரத்தில் மூன்று வரிசையும் கிளம்பிவிட்டன. நடக்க முடியாதவர்களைப் போர்வையில் தூக்கினார்கள். தலைக்கு ஒரு தார்ப்பாய் ஆயிற்றே. பிறந்து பதினெட்டு நாளான குழந்தையைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள் ஒருத்தி. ஓடைக்குள் நின்றவர்களும் கட்டையைப் போட்டுவிட்டு ஏறினார்கள். ஒருவன் ஏறும்போதே திரும்பி, "மாமா, தார்ப்பாய் குடுக்கறாங்களாம், வாங்க!" என்று கத்தினான்.

மாமா சிரித்தார். தன் பெண்டாட்டி எதற்காக இந்தக் கதையைக் கட்டிவிட்டாள் என்று அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "நீங்க போய் வாங்கிட்டு வாங்கடா!" என்றார். ஓடை முழுக்கக் கட்டைகள். பங்குக்கு ஆளே இல்லை.

பள்ளிக்கூட வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள் மழைக்காரி. ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினாள். வயது கேட்டாள். எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். நிமிர்ந்தால் ஓடை தெரிந்தது. அதற்குள் ஒரு ஆள் தன்னந்தனியாகக் கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தார்ப்பாய் எங்க?" என்று முணுமுணுப்பு கிளம்பியது. "ஆளுங்க மேலேறி வந்துட்டிருக்காங்க" என்றாள். இப்போது அவள் எழுந்து கீழே ஓடினால், பின்னாலேயே பாதி ஊர் இறங்கிவிடும். ஓடாவிட்டால் அவர்? பேனா அவள் விரல்களுக்கு நடுவில் வழுக்கியது. கத்திப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள். அவருக்குக் கேட்பதற்குள் இவர்களுக்கெல்லாம் கேட்டுவிடுமே என்று மூடிக்கொண்டாள்.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். இருபத்திரண்டு வயது, கட்டிக்கொடுத்தும் இதே ஊர். "அம்மா, அப்பாவைக் காணோம். நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ போனா உன் பேரை அடிச்சிருவாங்க."

"அடிச்சா அடிக்கட்டும், விடும்மா!"

விடவில்லை. பிடித்த பிடியில் வளையல் உடைந்து இரண்டு பேர் கையிலும் கீறியது. அப்போதுதான் மலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முதலில் காலில் தெரிந்தது, பிறகுதான் காதில் விழுந்தது. கரையெல்லாம் சேர்ந்து நடந்து வருவது போல மண்ணும் மரமும் பாறையுமாக வந்தது. தண்ணீர் என்று பார்த்துச் சொல்ல முடியாத நிறம். கீழ் வரிசை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நடு வரிசையில் இரண்டு கூரைகள் கொஞ்ச தூரம் மிதந்து போயின. எல்லாம் முடிய ஒரு கஞ்சி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் நூற்று எழுபத்தாறு பேர் நின்றார்கள். அவள் எழுதிய நோட்டில் ஒரே ஒரு பெயர்தான் இல்லை.

யாரும் தார்ப்பாயைப் பற்றிக் கேட்கவில்லை. கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவளுக்கு முன்னால் நின்றார். தலைத்துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டு அழுதார். அவர் பேசமாட்டாரா என்று ஏழு வருஷம் ஏங்கியவளுக்கு, அன்று அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

பதினோரு நாள் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் மகள் அவளிடம் வாயைத் திறந்தாள்.

"எல்லார்கிட்டயும் தார்ப்பாய்னு சொன்ன. அப்பாகிட்ட என்னன்னு சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"ஏம்மா? அவர்கிட்டயும் பொய் சொல்லியிருந்தா முதல் ஆளா ஓடி வந்திருப்பாரே! ரெண்டு கேட்டு வாங்கிட்டு வந்திருப்பாரே!"

"தெரியும்" என்றாள் மழைக்காரி. "முப்பது வருஷமா அந்த மனுஷன்கிட்ட நான் பொய் சொன்னதே இல்லடி. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."