சலவை அறையில் இருந்த படம்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், தண்ணீர் ஓடாத ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் பழைய தந்தி நிலையம். நான் அங்கே நுழைவுச்சீட்டு கொடுப்பவள். ஐலீன் அக்கா பெருக்கித் துடைப்பவள். வெளியூர்க்காரர்கள் தந்திக் கருவியைத் தட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள். தந்தி நின்றபிறகு இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரெண்டா மக்களின் பிள்ளைகளை அரசாங்கத்தார் தாயிடமிருந்து பிடுங்கி இங்கேதான் அடைத்து வைத்தார்கள் என்று சுவரில் எழுதியிருக்கும். அதைப் படித்ததும் எல்லோருக்கும் அவசரமாக டீ குடிக்கத் தோன்றிவிடும்.

ஐலீன் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. இங்கேயே வேலைக்கு வர எப்படி மனசு வந்தது என்று ஒருமுறை கேட்டேன். குப்பை நிறைய இருக்கிறதே என்று மழுப்பிவிட்டாள். மற்ற அறைகளைப் பேருக்குப் பெருக்குவாள். சலவை அறையில் மட்டும் வெகுநேரம் இருப்பாள். அங்கே ஒரு பெண் துணி பிழியும் பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. பெயர் தெரியாதவர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

புது மேலாளர் டெரிக் நல்லவர், அதுதான் தொல்லை. இறந்தவர்களின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் அரெண்டா மக்களுக்கு ஆகாது என்று எங்கோ படித்திருக்கிறார். படங்களையெல்லாம் கழற்றி நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷப்படுவாள் என்று ஐலீனிடமே வந்து சொன்னார்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"துணி பிழியிறவ எங்கம்மா," என்றாள்.

துக்கம் கழிந்தபின் படத்தைப் பார்க்கலாம், அதை முடிவு செய்யவேண்டியது சொந்தக்காரர்கள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். அவளுடைய பெரியம்மா ஒருநாள் இங்கே வந்து விரல் நீட்டாமல், அவர்கள் வழக்கப்படி உதட்டாலேயே அந்தப் படத்தைச் சுட்டி, இவள்தான் உன் அம்மா என்றிருக்கிறாள். நினைவு தெரியுமுன்பே பிடுங்கப்பட்ட ஐலீனுக்குத் தாயின் முகம் தெரிந்ததே அன்றுதான்.

டெரிக் முகத்தில் ஈயாடவில்லை. உடனே காப்பகத்துக்குத் தொலைபேசி போட்டார். இறந்தவர்களின் படத்தை இனி எவருக்கும் காட்டமாட்டார்களாம். படத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்லும் உறவினருக்கு மட்டும் கொடுப்பார்களாம்.

"பேரைச் சொல்லுங்க ஐலீன், இப்பவே வாங்கிடலாம்," என்று கெஞ்சினார்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அவள். "என்னை வெளிய விட்டப்போ அவ செத்துப் போயிருந்தா. செத்தவ பேரை யாரு சொல்லுவா? படத்தைக் காட்டின பெரியம்மாவுக்கும் அந்தப் பேரு மட்டும் வாயில வரல. அவளும் போயிட்டா."

டெரிக் தொலைபேசியைக் காதோடு வைத்தபடி நின்றார். மறுமுனையில் இன்னும் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.