கடைசியில் வந்த கேசரி

இதை எழுத எத்தனையோ வருஷம் தயங்கினேன். அக்காவின் விஷயம் என்பதால்தான். போன வாரம் என் மகள் பாடப்புத்தகத்தோடு வந்து, "டெசர்ட்டுன்னா இன்னாம்மா?" என்று கேட்டாள். சாப்பாடு முடிந்து கடைசியில் தின்னும் இனிப்பு என்றேன். சொன்னதுமே எங்கிருந்தோ நெய் வாசனை வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். "எழுதுடி, இன்னும் இன்னா பயம்?" என்றாள். அம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அக்கா மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போவாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்த ஒருநாள் அவளைப் பரிமாறச் சொன்னார்களாம். நம் வழக்கப்படி இனிப்பை முதலில் வைத்திருக்கிறாள். அவர்கள் அதை ஓரமாகத் தள்ளிவைத்துக் கடைசியில் தின்றார்களாம். அன்று 'டெசர்ட்டு' என்ற அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த மாதம் ஆற்காட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் வந்த அன்று காலை அக்கா எனக்குத் தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

"டெசர்ட்ட எப்போ தரணும்?"

"கடைசியில."

"அதுவரைக்கும்?"

"யாரு கண்ணுலயும் படக்கூடாது."

"கெட்டிக்காரி."

எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தவர்கள் வாயில் முதலில் இனிப்புதான் படவேண்டும். அம்மன் படத்தின் முன் ஆவி பறக்க இருந்த கேசரியைத் தூக்கிப்போய் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன். உள்ளே அம்மா தேடு தேடென்று தேட, அப்பா அவசரத்தில் பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கடியோடு நிறுத்தினார்.

"மொதல்லயே காரமா? சகுனமே சரியில்ல. எழுந்திருங்க எல்லாரும்."

"கேசரி இருக்குது! அது டெசர்ட்டு, அப்புறமா தருவோம்!" என்று பெருமையாகக் கத்தினேன். யாரும் நிற்கவில்லை. அம்மா முதுகில் வைத்தாள் ஒன்று. நான் தின்னத்தான் ஒளித்தேன் என்று சாகும்வரை நம்பினாள்.

சாயந்திரம் அக்கா கேசரியிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எனக்கு ஊட்டினாள். விரலில் தோல் வாசனையும் நெய் வாசனையும் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை பஸ் ஹாரன் கேட்டதும், நேற்று வைத்த மல்லிகை வாடித் தொங்க, அக்கா ஓடினாள். மாப்பிள்ளை போன துக்கத்தில்கூட இப்படி வேலைக்கு ஓடுகிறாளே, எல்லாம் என்னால்தானே என்று அழுதேன்.

இதை யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், நான் அவளுக்காக அழுததையும் சேர்த்து.